பூவா தலையா? – தங்கசாலை ராணி ரூபாய்

வடசென்னையில் பஸ் ஏறினால் "மின்ட் ஒண்ணு குடுங்க" என்று யாராவது டிக்கெட் கேட்காமல் வண்டி நகராது. பஸ் ஸ்டாண்டுக்கு வள்ளலார் நகர் என்று பெயர் வைத்து எவ்வளவோ காலமாச்சு, ஆனாலும் திருவொற்றியூர்க்காரர்கள் வாயில் வருவது மின்ட்தான். தெருவுக்குத் தமிழில் தங்கசாலைத் தெரு. அங்கே இப்போ தங்கமும் இல்லை, சாலையும் (பழைய அர்த்தத்தில் ஆலை) இல்லை. ஆனால் நிஜமாகவே காசு அடித்த இடம். கோட்டைக்குள்ளேயும் ஊருக்குள்ளேயும் பல இடம் மாறிய மெட்ராஸ் நாணயச்சாலை, 1840களின் தொடக்கத்தில் இந்தத் தெருவின் வடகோடியில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. 1869-ல் மூடினார்கள். இடம் பிறகு அரசு அச்சகத்துக்குப் போனது. காசு அச்சடித்த இடத்தில் காகிதம் அச்சடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் :-)

மேட்டர் இதுதான். அங்கே அடித்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய் இன்றைக்கும் நம்ம பக்கத்து வீடுகளில் இருக்கிறது. சாமி ரூமில் மஞ்சள் துணி முடிச்சில், பாட்டியின் சுருக்குப் பையில், கொக்கி வைத்துப் பற்றவைத்த பதக்கமாக. அதில் எது நம்ம ஊரில் அடித்தது, எது கல்கத்தா, எது பம்பாய்? ரூபாயில் ஊர் பெயர் கிடையாது. சரி, வருஷத்தையாவது நம்பலாமா? அதையும் நம்ப முடியாது. அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1835-ல் கம்பெனி இந்தியா முழுக்க ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. எடை 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதற்கு முன்னால் மெட்ராஸ் அடித்த அரை வராகன், கால் வராகன் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் சாமி, சுற்றிலும் இங்கிலீஷ், பார்சி, தமிழ், தெலுங்கு என்று நாலு மொழி. 1835 ரூபாயில் மிஞ்சியது இங்கிலீஷும் பார்சியும் மட்டும். ஒரே நாடு ஒரே காசு என்றதும் முதலில் காணாமல் போனது நம்ம எழுத்து! இதைப் பற்றித் தனியாகவே புலம்பலாம், இன்னொரு நாள்.

அந்த 1835 என்ற வருஷத்தை 1840 வரைக்கும் மாற்றவே இல்லை. அப்புறம் ராணி தலையோடு 1840 என்று போட்டார்கள், அதையே 1862 வரைக்கும் அடித்துத் தள்ளினார்கள். பிறகு 1862 என்று போட்டு, 1874 வரைக்கும் அதே 1862! காரணம் நம்ம சராப்புக்காரர்கள். பழைய வருஷத்துக் காசு என்றால் தேய்ந்திருக்கும் என்று சொல்லி வட்டம் பிடிப்பார்கள். முழு ரூபாயை நீட்டினால் கையில் முழுசாக வராது. வருஷமே மாறாவிட்டால் எது பழசு எது புதுசு என்று எப்படிச் சொல்வான்? சர்க்கார் மூளை அப்படி வேலை செய்தது. சராப்புக்காரரை ஏமாற்றப் போட்ட திட்டம், நூற்றைம்பது வருஷம் கழித்து நாணயம் சேர்க்கிறவனையும் சேர்த்து ஏமாற்றுகிறது. 1840 என்று போட்டிருக்கும் ரூபாய் 1858-ல் அடித்ததாகவும் இருக்கலாம்.

அப்படியானால் மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அச்சு. அதாவது 'டை'. எஃகில் உருவத்தைத் தலைகீழாக, குழியாக வெட்டி, நடுவில் வெள்ளி வில்லையை வைத்து இரண்டு பக்கமும் அமுக்கினால் ரூபாய். ஆயிரக்கணக்கில் அடிக்கும்போது அச்சு தேயும், விரிசல் விடும். உடனே புதுசு வேண்டும். மூல அச்சையே மறுபடி செய்யும்போது ஒரு இலை கூடும், ஒரு பழம் குறையும், எழுத்து கொஞ்சம் நகரும். அடித்தவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நமக்கு அதுதான் காலண்டர்.

முதலில் 1840. தலைப்பக்கம் 'விக்டோரியா குயின்' என்று இங்கிலீஷில் இருக்கும். அந்த இரண்டு சொல்லும் தலைக்கு மேலே ஒரே வளைவாக ஓடினால் முதல் வகை. 'விக்டோரியா' ஒரு பக்கமும் 'குயின்' மறுபக்கமுமாகத் தலை நடுவில் பிரித்தால் இரண்டாம் வகை. இது 1850 வாக்கில் வந்தது. ஆக, பிரிந்த எழுத்து என்றாலே 1840-ல் அடித்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பின்பக்கம் 'ஒன் ருப்பி'யைச் சுற்றி ஒரு இலை மாலை இருக்கிறதா, அதில் உள்ள குட்டிக் குட்டிப் பழங்களை எண்ண வேண்டும். நிஜமாகத்தான் சொல்கிறேன். முதல் வகையில் 19, 20. இரண்டாவதில் 28, 34, 35 என்று போகும். லென்ஸை வைத்துக்கொண்டு பழம் எண்ணும் மனுஷனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவரவர் வீட்டுக் கதை.

கழுத்து வெட்டுப்பட்ட இடத்தில் 'டபிள்யூ.டபிள்யூ.' என்று பொடி எழுத்து தெரியும். வில்லியம் வயன், லண்டன் நாணயச்சாலையின் செதுக்குக் கலைஞர். அவர் 1837-ல் செய்த பதக்கத்தில் இருந்த ராணி முகத்தைப் பார்த்துத்தான் 1840-ல் வந்த உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' வரையப்பட்டது. அந்தப் பொடி எழுத்து சிலதில் மேடாக, சிலதில் பள்ளமாக இருக்கும். அதுவும் ஒரு அடையாளம்.

இனி 1862. கம்பெனி போய் ராணி ஆட்சி வந்தாச்சு. பார்சி எழுத்தும் போச்சு. தலைப்பக்கம் கிரீடம் வைத்த ராணி, பின்பக்கம் முழுக்கப் பூவேலை. சின்ன வயசில் காசைச் சுண்டி 'பூவா தலையா' கேட்போமே, இந்த ரூபாய்க்கு அதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. சேகரிப்பவர்களும் அப்படித்தான் பிரிக்கிறார்கள்: தலைக்கு ஒரு எழுத்து, பூவுக்கு ஒரு எண். தலைக்கு ராணியின் ஆடையில் முன்பக்கம் இறங்கும் பூவேலைப் பட்டையைப் பார்க்கணும். அந்தக் கட்டங்கள் எத்தனை, கடைசிக் கட்டம் எங்கே அறுபடுகிறது என்பதுதான் கணக்கு. பூவுக்கு உச்சியில் இருக்கும் பூவின் இதழைப் பார்க்கணும். முகத்தைப் பார்த்துப் பிரிக்கப் போனால் முடியாது. புழங்கின காசில் கன்னமும் கிரீடமும்தான் முதலில் தேயும்.

அப்புறம் புள்ளி. பம்பாய்க்காரர்கள் 1863-லிருந்து ஒரு வேலை செய்தார்கள். வருஷம் 1862 என்றே இருக்கட்டும், நமக்கு மட்டும் தெரியணும் என்று வருஷத்துக்குக் கீழேயும் 'ஒன்' என்ற சொல்லுக்கு மேலேயும் பொடிப் பொடியாகப் புள்ளி வைத்தார்கள். புள்ளி எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் மாறும். சராப்புக்காரர் கண்ணுக்குத் தெரியாத ரகசிய காலண்டர்! இந்தப் புள்ளிக் கணக்கையெல்லாம் பிரெட் ப்ரிட்மோர் 1980-ல் வந்த தன் புத்தகத்தில் ஒழுங்குபடுத்தினார். 2012-ல் ஸ்டீவன்ஸும் வியரும் சேர்ந்து இன்னும் விரிவாக எழுதினார்கள்.

ஆகவே நம்ம ஊர் ரூபாயைத் தேடுகிறவர் முதலில் புள்ளியைத் தேடணும். புள்ளி இருந்தால் பம்பாய், ஓரமாக வைத்துவிடலாம். இல்லையென்றால் உடனே மெட்ராஸ் என்று குதிக்கக் கூடாது, கல்கத்தாவும் புள்ளி வைக்கவில்லை. பட்டை, பூ, இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் புத்தகத்தோடு ஒப்பிடணும். மெட்ராஸில் இந்த ரூபாய் அடித்தது அதிகபட்சம் ஏழு வருஷம்தான், 1862-லிருந்து 1869 வரை.

இந்த 1869-ஐ மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் பாதி மோசடியிலிருந்து தப்பிக்கலாம். ராணி 'எம்ப்ரஸ்' ஆனது 1877. 'விக்டோரியா எம்ப்ரஸ், மெட்ராஸ் மின்ட், ரேர்' என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அப்போது மெட்ராஸில் நாணயச்சாலையே இல்லை. 'சி' என்ற எழுத்து இருக்கே, சென்னைதானே என்பார்கள். அது கல்கத்தா. 'பி' பம்பாய். 'எம்' போட்ட சுதந்திர இந்தியக் காசைக் காட்டி மெட்ராஸ் என்பவரும் உண்டு, அது மும்பை.

மாதிரி நாணயம் என்று விற்கும் ரகம் இன்னொன்று. புழக்கத்துக்கு விடும் முன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சில மட்டும் அடிப்பது. இங்கிலாந்தில் 1860-ல் செம்புப் பென்னியை வெண்கலத்துக்கு மாற்றினபோது இப்படி நிறைய மாதிரிகள் அடித்தார்கள். பென்னி அச்சுகளை மைக்கேல் ஃப்ரீமேன் முன்பக்கத்துக்கு எண், பின்பக்கத்துக்கு எழுத்து என்று பிரித்து வைத்திருக்கிறார். ஓரத்தில் மணி மணியாக இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா என்பதிலிருந்தே ஆரம்பம். நம்ம பக்கம் சிக்கல் வேறு மாதிரி. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் இருபதாம் நூற்றாண்டிலும் பழைய அச்சுகளை எடுத்துச் சேகரிப்பவர்களுக்காக மறுபடி அடித்துக் கொடுத்திருக்கின்றன. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் பழைய மாதிரிக் காசு என்று பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு கொசுறு. இந்த ஆலை தங்கசாலைத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் பக்கத்து ஏழுகிணறில் ஒரு சின்ன வீட்டில் இருந்தவர் ராமலிங்க அடிகள். அங்கிருந்து திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே வருவார் என்பது ஊரறிந்த விஷயம். வடிவுடையம்மன் மேல் மாணிக்கமாலை பாடினவர். பஸ் ஸ்டாண்டுக்குக் காசடித்த ஆலையின் பெயரும் காசைத் தொடாத மனுஷர் பெயரும் சேர்ந்து வந்திருப்பதைத் திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இப்படி அமைந்திருக்காது.

கடைசியாக, வெள்ளி விலை. ஒரு ராணி ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம் தேறும். 2025-ல் வெள்ளி ஏறின ஏற்றத்தில் எல்லோரும் முடிச்சை அவிழ்த்து எடை போடக் கிளம்பிவிட்டார்கள். பட்டறையில் போட்டால் புள்ளி, பூ, பட்டை எல்லாம் ஒரே குழம்பு. மறுபடி எண்ண முடியாது. விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுக்கொள்ளுங்கள். அதுக்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். எடை போட்டுப் பாருங்கள், 11.66-க்கு ரொம்பக் குறைந்தால் கொக்கி வெட்டினதோ, போலியோ என்று சந்தேகப்படலாம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பு போகும்போது புள்ளியும் சேர்ந்து போய்விடும்.