பெயர் தாங்கிய மரங்கள்

கல்லறைத் திருநாள் வரும் நவம்பர்த் திங்களின் 11ஆம் நாள், 1918இல் முதல் உலகப் போர் ஓய்ந்தது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அப்போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்க்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. அது கல்லால் ஆனது. அதே போருக்கு எளிய உழைப்பாளர் எழுப்பிய வேறொரு நினைவுச்சின்னமும் உண்டு. அது மரங்களால் ஆனது.

ஆஸ்திரேலியாவில் உள்ள பல்லாரட் நகரில் லூகாஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பெண்கள், போருக்குச் சென்ற தம் ஊரார் ஒவ்வொருவர்க்கும் சாலையோரத்தில் ஒரு மரம் நட முன்வந்தனர். டில்லி தாம்சன் என்னும் அம்மையார் அவர்களுக்கு வழிகாட்டினார். 1917 ஜூனில் தொடங்கிய பணி 1919இல் முடிந்தபோது, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடுக 3,700க்கும் மேற்பட்ட மரங்கள் நின்றன. மரத்திற்கு ஒரு பெயர் சூட்டினர். மாண்டோர்க்கும் மரம் உண்டு. மீண்டு வந்தோர்க்கும் உண்டு. பதவி வரிசை பார்க்கவில்லை; படையில் சேர்ந்த வரிசைப்படியே நட்டனர். தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே நிழல்!

மரத்தடியில் நினைவைப் பேணுவது விவிலியத்திற்குப் புதிதன்று. ரெபேக்காவின் செவிலித்தாய் தெபோராவைப் பெத்தேல் அருகே ஒரு கருவாலி மரத்தடியில் அடக்கம் செய்தனர் என்றும், அம்மரம் அழுகையின் பெயரால் அழைக்கப்பட்டது என்றும் தொடக்க நூல் கூறுகிறது. ஒரு பணிப்பெண்ணின் நினைவை அம்மரம் தலைமுறைகளுக்குக் கொண்டுசென்றது.

கல்லை நாட்டியவர் வீடு திரும்பி விடலாம். மரத்தை நட்டவரோ தண்ணீர்க் குடத்துடன் மறுநாளும் வரவேண்டும். ஆடு மேயாமல் வேலியிட வேண்டும். கோடையில் ஒரு திங்கள் மறந்தால் கன்று கருகிவிடும். ஆகவே, மரத்தை நடுபவர் இறந்தோரை ஆண்டுக்கொரு நாள் மட்டும் நினைத்து அமைய முடியாது. இறந்தோர்க்காக நாம் செய்யும் செபமும் அத்தகையதே.

2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், காரைக்கால் கடலோரம் ஆழிப்பேரலையில் எண்ணற்றோரை இழந்தது. அவர்கள் போர்வீரர் அல்லர். மீன்பிடித்தும் கூடை சுமந்தும் பிழைத்தவர்கள். திருவேட்டக்குடிச் சாலையோரத்தில் அவர்கள் ஒவ்வொருவர் பெயராலும் உப்புக்காற்றைத் தாங்கும் ஒரு புன்னையையோ பூவரசையோ ஏன் நடக்கூடாது? அரசாணைக்குக் காத்திராமல் பங்கு மக்களும் அயலாரும் ஒன்றுகூடினால் போதும். முதல் கோடையைக் கன்றுகள் தாண்டும்வரை நீர் ஊற்ற ஆள் உண்டா என்பதே நம்முன் உள்ள கேள்வி.