மலைநாட்டு நீரும் லயத்து இருளும்: அரச மின்துறை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் ஆற்றல் வளம் எவர் கையில் உள்ளது என்பதோடு, அதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்பதும் வரலாற்று மாணவர் ஆராய வேண்டிய வினாவாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகள் மின்னுற்பத்தியை அரச நிறுவனங்களிடம் ஒப்படைத்தன. இந்தியா 1987 இல் அணுமின் கூட்டுத்தாபனத்தை அமைத்தது. 2003 இல் கல்பாக்கத்து வேக ஈனுலைக்கெனப் ‘பாவினி’ என்னும் தனி அரச நிறுவனத்தையும் நிறுவியது. இலங்கையில் அணுசக்தி அதிகாரசபைக்கும் மின்சார சபைக்கும் 1969 ஆம் ஆண்டிலேயே சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் இங்கு அணு உலை எழவில்லை. நாட்டுக்கு ஒளி தந்தது மலைநாட்டு நீரே.

இந்நீரின் வலிமையை 1918 இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துக்காட்டினார். 1920களில் தொடங்கி இடையில் நின்றுபோன லக்சபான திட்டம் 1950 இல் நிறைவேறியது. 1965 இல் காசல்றீ நீரைக் கொண்டு விமலசுரேந்திர மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றுங்கால் அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளிப்படுவதுண்டு. ராகலைப் பகுதி மலைகளில் இறங்கும் குறுந்து ஓயாவும் மகாவலியோடு கலக்கின்றது. அம்மகாவலியில் 1980களில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை ஆகிய மின்நிலையங்கள் அமைந்தன. 2012 இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் இவற்றோடு சேர்ந்தது.

இவ்வாறு நீரையும் நிலத்தையும் வழங்கிய மலைநாட்டில் லயங்கள் மட்டும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. மலைச்சரிவுகளில் கம்பி இழுப்பது கடினம் என்பது இதற்குக் கூறப்படத்தக்க ஒரு காரணம். ஆயின் இது பொருந்துவதாக இல்லை. தேயிலைத் தொழிற்சாலைகள் பல, மின்சார சபை தோன்றுமுன்னரே ஓடைநீரால் தம் இயந்திரங்களைச் சுழற்றின. தொழிற்சாலைக்கு எட்டிய ஆற்றல், கூப்பிடு தூரத்திலிருந்த லயத்தை எட்டாமைக்குக் காரணம் மலையன்று. உடைமையும் உரிமையும் அமைந்த முறையே எனலாம்.

லக்சபான ஒளி பரவுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவர் வீட்டுக்கு விளக்குக் கேட்கப் பாராளுமன்றத்தில் குரல் ஏது? லயமோ தொழிலாளிக்குச் சொந்தமன்று, தோட்டத்துக்குச் சொந்தம்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நிருவகித்தன. ஈண்டு ஒரு முரண்பாடு தெளிவாகின்றது. அணையும் அரசுக்குரியது, மின்கம்பியும் அரசுக்குரியது, லயமும் அரசுக்குரியது. அங்ஙனமிருந்தும் ஓர் அரச நிறுவனத்தின் கம்பி மற்றோர் அரச நிறுவனத்தின் கூரையைப் பரவலாகத் தொடவில்லை. அரசுடைமை என்பது தானாகவே மக்களுடைமை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

மின்சார சபை தன் துணை நிறுவனங்களைத் தோற்றுவித்த திசையும் கருதத்தக்கது. 1983 இல் உருவான லங்கா மின்சாரக் கம்பனி, காலி முதல் நீர்கொழும்பு வரையான கரையோர நகரங்களில் மின் விநியோகத்தைச் சீரமைக்கவே அமைக்கப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளுக்கென அவ்வாறானதொரு நிறுவனம் தோன்றவில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளில் உள்ளூராட்சி நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது.

1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நிலம் அரசிடமே எஞ்சியது. 1990களிலும் அதன் பின்னருமே லயங்களில் மின்சாரம் பரவலாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. மின்விளக்கும் குடியுரிமையும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே தாமதத்துடன் வந்து சேர்ந்தமை தற்செயலன்று.

2024 ஆம் ஆண்டு இலங்கை மின்சாரச் சட்டமும் 2025 ஆம் ஆண்டுத் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைப் பல கம்பனிகளுக்குப் பிரித்தளிக்க வழிசெய்தன. நிறுவனம் ஒன்றா பலவா என்ற விவாதத்தில் பழைய வினா மறைந்துவிடலாகாது. லயத்து வீட்டுக்குப் பொறுப்பானவர் எவர்? நிலத்தின் உடைமையாளரா, நிருவகிக்கும் கம்பனியா, மின் வழங்குநரா? இவ்வினாவுக்கு ஒருவர் பெயரைச் சட்டம் திட்டமாகச் சொல்லும்வரை, பொறுப்பு ஒருவர் வாயிலிலிருந்து மற்றவர் வாயிலுக்கு அலைந்துகொண்டேயிருக்கும். மலைநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் கொழுந்தின் கணக்கோடு நீரின் கணக்கையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்.