முகலி ஆறு என்னும் தொழிற்சாலை: காளத்தியிலிருந்து மீண்டெழுந்த தொழில் நகரங்களைப் பார்த்தல்

தொழில் நகரங்களின் கட்டடங்களையும் கலையையும் காணச் செல்லும் பண்பாட்டுச் சுற்றுலா இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. ஜெர்மனியில் எசன் நகரின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்க வளாகம் 2001இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அமெரிக்காவின் லோவல் நகரில் நூற்பாலைகளும் கால்வாய்களும் 1978 முதல் தேசிய வரலாற்றுப் பூங்காவாகப் பேணப்படுகின்றன. பிரான்சின் மூலூஸ் நகரில் பழைய வார்ப்பாலை ஒன்று பல்கலைக்கழக வளாகமாகியிருக்கிறது. அச்சுத் துணிகளுக்கென்றே அங்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. புகைபோக்கிகளைக் காத்து, எந்திரக் கூடங்களைக் கண்காட்சிக் கூடங்களாக்கி, நகரம் மீண்டெழுந்தது என்று சொல்வது இவ்வகைமையின் இலக்கணம்.

இந்த இலக்கணத்தை இந்தியாவுக்குப் பொருத்தும்போது நம் ஆய்வாளர்களின் கண் அகமதாபாத், மும்பை, கோவை என்று ஆலை நகரங்களின் பக்கமே செல்கிறது. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) இப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. அங்கே புகைபோக்கி இல்லை. ஆலைச் சுவர் இல்லை. ஆயினும் மூலூஸ் நகரின் தொழில் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால் விடைக்குச் சோழமண்டலக் கரைக்குத்தான் வரவேண்டும். அக்கரையின் துணி எழுதும் தொழில் இன்றும் கையால் நடக்கும் மிகச் சில ஊர்களுள் காளத்தி ஒன்று. ஆகவே 'மீண்டெழுந்த தொழில் நகரம்' என்ற கருத்தைக் காளத்தியிலிருந்து பார்த்தால் அது எப்படித் தோன்றும் என்பதே இப்பதிவின் கேள்வி.

1. துணியும் நிலமும்

'கலம்காரி' என்பது பாரசீகச் சொல். எழுதுகோல் வேலை என்று பொருள்படும். கோல்கொண்டா ஆட்சியும் மசூலிப்பட்டினத்துப் பாரசீக வணிகமும் தந்த பெயர் அது. காளத்தியில் வழங்கிய தெலுங்குப் பெயர் 'வ்ராதபனி', அதாவது எழுத்து வேலை. ஓவியத்தை 'எழுதுதல்' என்று தமிழ் கூறுவதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். போர்த்துகீசியர் இதைப் 'பின்டாடோ' என்றனர். ஆங்கிலேயரின் 'சின்ட்ஸ்', பிரெஞ்சுக்காரரின் 'அந்தியேன்' ஆகிய பெயர்களும் இவ்வகைத் துணிகளையே குறித்தன.

இன்றைய திருப்பதி மாவட்டத்தின் கரையோர எல்லைக்குள் துர்கராஜபட்டினம் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆர்மகான் என்று அழைத்த இவ்வூரில் கிழக்கிந்தியக் கம்பெனி 1626இல் பண்டகசாலை ஒன்றை நிறுவியது. அங்கு துணிக் கொள்முதல் எதிர்பார்த்தபடி அமையாததால், பிரான்சிஸ் டே தெற்கே வேறோர் இடம் தேடினார். அதன் விளைவாக 1639இல் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பெற்ற கரையோர நிலமே பின்னாளில் சென்னை ஆயிற்று. அவ்விடத்தில் துணி மற்ற இடங்களைவிட 20 விழுக்காடு மலிவாகக் கிடைக்கும் என்பது கம்பெனியார் முன்வைத்த வலுவான காரணங்களுள் ஒன்று. காளஹஸ்தி ஜமீன்தார்களும் இதே தாமர்லா மரபினர். சென்னப்பட்டினம் என்ற பெயருக்கு மூலமான சென்னப்ப நாயக்கரும் இம்மரபினரே. துறைமுக நகரம் எழுந்ததற்குத் துணியும், அதற்கு நிலம் தந்த குடிக்குக் காளத்தியும் பின்புலம் என்பது தற்செயல் என்று தள்ளிவிடத் தக்க செய்தி அன்று.

2. தடையும் கற்றலும்

ஐரோப்பாவில் இத்துணிக்கு எழுந்த வரவேற்பு அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்களை அச்சுறுத்தியது. பிரான்ஸ் 1686இல் வண்ணந்தீட்டிய துணிகளைத் தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டமியற்றித் தடுத்தது. தடை இருந்த காலமே கற்றலின் காலமாகவும் இருந்தது. புதுச்சேரிப் பகுதியில் பணியாற்றிய சேசு சபைப் பாதிரியார் கர்தூ, 1742இல் எழுதிய கடிதத்தில் துணி எழுதும் முறையைப் படிப்படியாக விவரித்தார். தம்மிடம் வந்த கிறித்தவக் கைவினைஞர்களிடம் கேட்டறிந்த செய்திகள் அவை. கடுக்காய்ப் பால் எதற்கு, படிகாரம் எந்த நிலையில், துணியை எத்தனை முறை துவைப்பது என்பனவெல்லாம் அக்கடிதத்தின் வழியாக ஐரோப்பிய வாசகர்களைச் சென்றடைந்தன.

அப்போது தனிக் குடியரசாக இருந்த மூலூஸ் பிரெஞ்சுத் தடைக்கு உட்படவில்லை. 1746இல் அங்கு முதல் அச்சுத் துணித் தொழிலகம் தொடங்கியது. தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், பாரிசுக்கு அருகில் ழுயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தம் தொழிலகத்தைத் தொடங்கினார். கையால் எழுதியது அச்சுக் கட்டைக்கும், கட்டை செப்புத் தகட்டுக்கும், தகடு உருளைக்கும் வழிவிட்டது. இன்று மூலூஸ் அருங்காட்சியகத்தில் நாம் காணும் பொறிகளின் பின்னே, பெயர் பதிவாகாத தமிழ், தெலுங்குக் கைவினைஞர்களின் வேதியியல் அறிவு நிற்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1868இல் கிரேபே, லீபர்மன் ஆகிய ஜெர்மானிய வேதியியலாளர் இருவர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். சோழமண்டலத்தின் சிவப்புக்கு ஆதாரமான சாயவேர் அதன்பின் மதிப்பிழந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் கட்டுப்பாட்டில் வைத்துத் தோண்டிய அதே வேர்தான் இது. வேர் தோண்டுவோரின் வாழ்வும் அத்துடன் சரிந்தது. காளத்தியின் கைவினைஞர்களும் காலப்போக்கில் அலிசரினை ஏற்றுக்கொண்டனர். எனவே 'மாறாத மரபு' என்று விளம்பரங்கள் கூறுவதை ஆய்வு மாணவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது.

3. காளத்தி ஏன் தப்பியது?

ஏற்றுமதியை நம்பிய மையங்கள் ஏற்றுமதி வீழ்ந்ததும் வீழ்ந்தன. காளத்தியின் சந்தை வேறு. அது கோயிலுக்கு எழுதியது. கருவறை முன் தொங்கும் திரை, தேரின் தொங்கல், விழாக்காலப் பந்தலின் மேற்கட்டி ஆகியவையே அதன் முதன்மைப் படைப்புகள். நடுவில் தெய்வம் பெரிய கட்டமாக அமையும். சுற்றிலும் வரிசை வரிசையாக இராமாயண, பாரதக் காட்சிகள் ஓடும். ஒவ்வொரு காட்சியின் மேலும் தெலுங்கில் விளக்கம் எழுதப்படும். லேபாட்சியின் விசயநகர விதான ஓவியங்களைப் பார்த்தவர் இத்துணிகளில் அதே பக்கத் தோற்ற முகங்களையும் அகன்ற கண்களையும் அடையாளம் காண்பர். சுவரில் எழுதியதைச் சுருட்டி எடுத்துச் செல்லும் வடிவம் என்றே இதைச் சொல்லலாம். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 19ஆம் நூற்றாண்டுக் காளத்தி இராமாயணத் துணி இவ்வடிவத்திற்கு நல்ல சான்று.

சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்த ஹாடவே 1917இல் சென்னை மாகாணத்துத் துணி ஓவியம் பற்றி எழுதிய நூல், இத்தொழில் தளர்ந்த நிலையிலும் தொடர்ந்ததைப் பதிவு செய்கிறது. கோயில் ஆதரவும் ஜமீன் ஆதரவும் மேலும் குறைந்தபின், விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தொழில் அறிந்தவர் மிகச் சிலரே எஞ்சினர். 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் வழியாகக் கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளத்தியில் பயிற்சி மையம் தோன்றியது. மூத்த கலைஞர் ஜொன்னலகட்ட லட்சுமையா அங்கு ஆசிரியரானார். அவர் மகன் குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அம்மையத்தின் விளைவு எண்ணிக்கைப் பெருக்கம் மட்டுமன்று. குடும்பத்துக்குள் தந்தை மகனுக்குச் சொல்லித்தந்த அறிவு வகுப்பறைக்கு வந்தது. குலத்தின் எல்லை தளர்ந்தது. பெண்கள் பெருமளவில் எழுதுகோல் பிடித்தனர். அதே வேளையில் சந்தையும் மாறியது. கோயில் திரை சேலையாகவும் துப்பட்டாவாகவும் சுவர்ப் படமாகவும் ஆயிற்று. தொடர் கதை சொன்ன துணியில் கதை சுருங்கி, ஒரு மயிலோ ஒரு கொடியோ தனி உருவாக நின்றது. புத்துயிர்ப்பு என்ற சொல்லுக்குள் இந்த இழப்பும் அடங்கியிருக்கிறது. இழப்பை மட்டும் சொல்வதும் நேர்மையன்று. சேலை விற்றதால்தான் திரை எழுதத் தெரிந்தவர் இன்றும் இருக்கிறார்.

4. ஆறே ஆலை

இத்தொழிலின் கட்டடம் எது என்ற கேள்விக்கு வருவோம். செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்தால் விடை புலப்படும்.

கஞ்சி நீக்கி வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறு கலந்த பாலில் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் சாயம் பற்ற உதவும். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் முதற்கோடு இடுவர். இரும்புத் துண்டும் வெல்லமும் நீரில் பல நாள் புளித்த கரைசல், கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கருமையாகும். மூங்கில் குச்சியின் முனையைக் கூராக்கி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டியதே எழுதுகோல். சுற்றிய பகுதியை விரலால் அழுத்தினால் மை இறங்கும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தீட்டுவர். பின்னர் துணியை ஓடும் நீரில் அலசி, சாயத்தில் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மீண்டும் வெளுத்து, மீண்டும் பாலிட்டு, மஞ்சளும் நீலமும் தீட்டுவர்.

இதில் 'ஓடும் நீர்' என்பதே உயிர்நிலை. தேங்கிய நீரில் அலசினால் மிகையான படிகாரம் துணியின் வெற்றிடங்களிலும் படிந்து, கொதிக்கும்போது அங்கெல்லாம் சிவப்பேறிவிடும். நீர் ஓடினால் மிகை அடித்துச் செல்லப்படும். வெண்மை வெண்மையாக நிற்கும். லோவல் நகருக்கு மெரிமாக் ஆறு விசை தந்தது. காளத்திக்குச் சொர்ணமுகி தெளிவைத் தந்தது. தமிழ் மரபு பொன்முகலி என்று போற்றும் அதே ஆறு இது. மணற்படுகை துணி உலர்த்தும் களம். கரை வெளுக்கும் கூடம். ஓட்டம் அலசும் பொறி.

இந்த ஆலைக்குக் கூரை இல்லாததால் இதைக் காக்கும் சட்டமும் எளிதில் அமையவில்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியும், கட்டை அச்சை முதன்மையாகக் கொண்ட மசூலிப்பட்டினத்துக் கலம்காரியும் தனித்தனியே அக்குறியீட்டைப் பெற்றுள்ளன. தஞ்சை மராத்திய அரண்மனைத் தொடர்புடைய கருப்பூர்க் கலம்காரி 2021இல் பெற்றது. பெயரைக் காக்கும் குறியீடு நீரைக் காப்பதில்லை. சொர்ணமுகி பருவ ஆறு. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கிறது. மேலே திருப்பதியின் குடிநீர்த் தேவை, வழியில் மணல் அள்ளல், கரையில் பெருகும் நகரக் கழிவு என அதன் மேல் சுமை ஏறியிருக்கிறது. ஆறு ஓடாத நாள்களில் கைவினைஞர் கிணற்றையும் தொட்டியையும் நாடுகின்றனர்.

5. கோபுரமும் துணியும்

காளத்தியின் கல் கட்டடமும் இதே பாடத்தை வேறு வகையில் கூறுகிறது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராசகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அதே இடத்தில் எழுந்த புதிய கோபுரத்திற்கு 2017இல் குடமுழுக்கு நடந்தது. பக்தருக்கு அது தொடர்ச்சி, தொல்லியலாளருக்கு இழப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவகோட்டை நகரத்தார் செய்த திருப்பணியைப் பற்றியும் இவ்விரு பார்வைகளும் நிலவுகின்றன. நம் மரபில் 'திருப்பணி' என்பது பழைய பொருளைக் காப்பதைவிட, செயல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதையே முதன்மையாகக் கருதுகிறது.

மேலைநாட்டுத் தொழில் மரபுக் காப்பு இதற்கு நேரெதிரானது. அங்கே கட்டடம் நிற்கிறது; வேலை போய்விட்டது. லோவலில் தறிகள் பார்வையாளருக்காக ஓடுகின்றன. காளத்தியில் வேலை நிற்கிறது. அதைத் தாங்கிய ஆறு தளர்கிறது. இரண்டையும் 'மீண்டெழுந்தவை' என்ற ஒரே சொல்லால் சுட்டினால், எதை மீட்டோம், எதை இழந்தோம் என்ற கணக்கு மறைந்துவிடும்.

6. களம் செல்வோருக்கு

திருப்பதியைத் தளமாகக் கொண்டு இரண்டு நாளில் இவ்வரலாற்றைக் காணலாம். முதலில் சந்திரகிரி ராஜமகாலில் தொடங்குக. மரமின்றிக் கல்லும் செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுந்த மூன்று மாடி மாளிகை அது. சென்னை நிலக்கொடை வரலாற்றின் அரசியல் பின்னணி அங்கே விளங்கும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் மரபுச் சிற்ப, கட்டடக்கலை நிறுவனத்தில் கலம்காரியும் பாடமாக உள்ளது. கோயில் ஆதரவு இன்று பாடத்திட்டமாக மாறியிருப்பதைக் கவனிக்கலாம். அடுத்துக் காளத்தி. கோயிலைக் கண்டபின் கலைஞர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஒரு துணி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டறிக. முடிந்த துணியைவிட முடியாத துணி மிகுதியாகக் கற்பிக்கும். மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற மாதவமாலா அருகிலேயே இருக்கிறது.

இறுதியாக ஆற்றங்கரைக்குச் செல்க. குறிப்பேட்டில் ஆண்டு, திங்கள், நீரின் அளவு, யார் எங்கு அலசுகிறார் என்பதை எழுதிக்கொள்க. கர்தூ பாதிரியார் 1742இல் கேட்டு எழுதியது ஐரோப்பாவுக்குப் பயன்பட்டது. நாம் எழுதிவைப்பது இந்த ஆற்றுக்கும் அதன் கைகளுக்கும் பயன்பட வேண்டும். காளத்தியைத் தொழில் நகரம் என்று ஏற்றால், அதன் ஆலையைக் காக்கும் கடமையும் உடன் வருகிறது. அந்த ஆலை ஓடும் நீர்.