ஆற்றலின் எல்லையும் அறியாமையின் எல்லையும்

மனிதன் அடையும் உயர்வு முன்னரே வரையறுக்கப்பட்டதா, முயற்சியால் அமைவதா என்பது பழைய வினா. வள்ளுவர் ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே வினா விளையாட்டு முகாமை பற்றிய கணினி ஆட்டங்களிலும் எழுந்தது.

இவ்வாட்டங்களில் விளையாடுபவர் பந்தை உதைப்பதில்லை. அணியைத் தெரிந்து, இளம் வீரரை வளர்த்து, கழகமொன்றை நடத்துகிறார். 1982இல் இங்கிலாந்தில் கெவின் டோம்ஸ் வெளியிட்ட உதைபந்தாட்ட முகாமை ஆட்டம் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. 1992இல் போல் கொலியர், ஒலிவர் கொலியர் சகோதரரின் 'சாம்பியன்ஷிப் மனேஜர்' தோன்றியது. அவர்கள் மரபில் வளர்ந்த ஆட்டங்கள் ஒவ்வொரு வீரருக்கும் 200 வரையான அளவுகோலில் இரு எண்களை மறைவாக வைத்தன. ஒன்று இன்றைய ஆற்றல். மற்றது எட்டக்கூடிய உச்சம். பயிற்சி, போட்டி வாய்ப்பு, மனப்பாங்கு, காயம் என்பன வீரர் உச்சத்தை நெருங்குவதைத் தீர்மானிக்கும். அதனைத் தாண்டுதல் இயலாது. இஃது ஊழின் கணிதம் எனலாம். பின்னர் இளம் வீரர் சிலருக்கு உச்சம் தனி எண்ணாகவன்றி ஒரு வீச்சாக வழங்கப்பட்டது. ஆட்டம் புதிதாகத் தொடங்குந்தோறும் அவ்வீச்சினுள் ஓர் எண் எழுமாறாகத் தெரிவாகும்.

இம்மாற்றத்தின் நியாயத்தை நமக்குப் பழக்கமான கிரிக்கெட் வரலாறு உணர்த்தும். இந்தியாவின் வினோத் காம்ப்ளி 1993இல் அடுத்தடுத்த இரு டெஸ்ட் போட்டிகளில் இரட்டைச் சதம் பெற்றார். 17 போட்டிகளுடன் 1995இல் அவரது டெஸ்ட் வாழ்வு முடிந்தது. இலங்கையின் மார்வன் அத்தபத்து 1990, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் ஆடிய முதல் ஆறு இன்னிங்ஸ்களில் பெற்றது ஒரேயோர் ஓட்டம். அவரே 5502 ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் பெற்று 2007இல் ஓய்வுபெற்றார். தெரிவாளர்கள் 1994உடன் அவரைக் கைவிட்டிருப்பின் ஏடுகள் அவரது உச்சத்தை என்னவென்று எழுதியிருக்கும்?

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். வீரனின் வளர்ச்சி நிச்சயமற்றது என்பது ஒன்று. நாம் அவனை அறியவில்லை என்பது மற்றொன்று. இன்றைய 'ஃபுட்போல் மனேஜர்' ஆட்டத்துக்கான தரவுகளைப் பல நாடுகளிலும் வீரரை நோக்குவோர் திரட்டுகின்றனர். நோக்குவோர் செல்லாத ஊரின் இளைஞனுக்கு எண்ணே இல்லை. ஆட்டம் தானாகவே புதிய இளைஞரைப் படைக்கும்போதோ நாட்டின் தரமும் கழகத்தின் வசதியும் கணக்கிற்கொள்ளப்படுகின்றன.

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையிலுள்ள கோமாரியை எண்ணிப் பார்ப்போம். 2009வரை நீடித்த போரும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் அக்கரையைத் தாக்கின. அங்கு கடற்கரை மணலிற் பந்து வீசும் சிறுவனின் ஆற்றல் குறைந்தது என்பதற்கு எவரிடமும் சான்றில்லை. அளக்கப்படவில்லை என்பதே உண்மை. அறியாமையைச் சிறிய எண்ணாக எழுதுதல் தவறு. அகன்ற வீச்சாக எழுதுதலே நேர்மை. ஆட்டம் அமைப்போருக்கு மட்டுமன்றி, மாவட்ட அணிக்கு இளைஞரைத் தெரிவோருக்கும் பல்கலைக்கழக வாயிலில் மாணவரை மதிப்பிடுவோருக்கும் இந்நேர்மை வேண்டும்.