கண்ணுக்குள் ஒரு வடிகால்

'கிளாக்கோமா' என்னும் கிரேக்க வழிப் பெயர் கண்ணில் தோன்றும் நீலப்பச்சைச் சாயலைக் குறித்தது. தமிழில் வழங்கும் 'கண் நீர் அழுத்த நோய்' என்ற பெயரோ நோயின் முதன்மைக் காரணத்தையே சுட்டுகிறது. கண்ணின் முன்பகுதியில் ஓயாமல் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கும்போது அழுத்தம் உயர்கிறது. பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சிதைகிறது. இழந்த பார்வை மீளாது. எஞ்சியிருப்பதைக் காப்பதே மருத்துவத்தால் இயல்வது.

அந்நீருக்கு வடிகால் அமைக்கும் முயற்சி நூறாண்டுக்கும் மேற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை மயிரையும் பட்டு நூலையும் கண்சுவரினூடே செலுத்திப் பார்த்தனர்; அவை நிலைக்கவில்லை. 1968இல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெகுலெக்டமி அறுவை, கண்சுவரில் மெல்லிய மூடியுடன் கூடிய திறப்பை உண்டாக்கியது. இன்றும் அதுவே பலருக்குப் போதுமானது. ஆனால் முன்பே அறுவை செய்துகொண்டோர், கண்ணுள் அழற்சி உடையோர், நீரிழிவால் புதிய குருதிநாளங்கள் முளைத்தோர், குழந்தைகள் ஆகியோருக்கு, உடல் உண்டாக்கும் தழும்பு அத்திறப்பை எளிதில் அடைத்துவிடுகிறது.

இச்சிக்கலுக்கு வழிகண்டவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஆன்டனி மோல்டெனோ. 1969இல் அவர் வெளியிட்ட கருவி ஒரு சிறு குழாயும் அதனோடு இணைந்த தட்டும் கொண்டது. பின்னர் குழாயை நீட்டி, தட்டைக் கண்ணின் பின்புறம் தள்ளி வைத்தார். தட்டைச் சூழ்ந்து உடல் தழும்புறை ஒன்றைக் கட்டும். குழாய்வழி வரும் நீர் அவ்வுறையின் சுவரில் கசிந்து திசுக்களால் உறிஞ்சப்படும். பகையாயிருந்த தழும்பே கருவியின் உறுப்பாயிற்று. 1990களில் 350 சதுர மில்லிமீட்டர் தட்டுடைய பேர்வெல்ட் கருவியும், அடைப்பிதழ் பொருத்திய அகமது கருவியும் பரவின.

நீர் வடியும் வழி கிடைத்தபின்னும் விலை என்னும் தடை நின்றது. அதை எதிர்கொண்டது மதுரை. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேபை நிறுவி, கண்புரை அறுவைக்குரிய செயற்கை வில்லைகளை மிகக் குறைந்த விலையில் செய்தது. அதே ஆரோலேப் 2013இல், பேர்வெல்ட் அமைப்பைத் தழுவிய சிலிக்கோன் வடிகால் கருவியை வழங்கியது. அதன் விலை ஏறத்தாழ 50 டாலர். இறக்குமதிக் கருவிகளின் விலையில் இது சிறு பகுதியே.

இதில் அடைப்பிதழ் இல்லை. நீர் முழுவதும் ஒரேயடியாக வடிந்து கண் தளர்ந்துவிடாதிருக்க, அறுவை வல்லுநர் குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுவார். ஏறத்தாழ ஐந்தாறு வாரங்களில் நூல் கரையும். அதற்குள் தழும்புறை உருவாகியிருக்கும். அதுவரை அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளைத் தொடர வேண்டியிருக்கும்.

கருவி எளியதாயினும் இடர்கள் இல்லாமலில்லை. குழாய் மேற்படலத்தை அரித்து வெளிப்படலாம், கருவிழிப்படலம் பழுதுறலாம், இரட்டைப் பார்வை தோன்றலாம். ஆகவே வாழ்நாள் முழுதும் கண்காணிப்பு தேவை. எனினும், குழந்தையின் எஞ்சிய பார்வையைக் காக்க முனையும் ஏழைக் குடும்பத்துக்கு, கருவியின் விலையும் சிகிச்சையின் ஒரு பகுதியே. மருத்துவ வரலாறு கண்டுபிடித்தவரின் பெயரோடு நின்றுவிடாமல், அதைக் கைக்கெட்டச் செய்த பட்டறையையும் பதிவுசெய்ய வேண்டும்.