பெரியண்ணனும் சின்னண்ணனும்

சென்ற வாரம் வாலாஜாபாத்திலிருந்து தெற்கே உத்திரமேரூர் சென்று, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரிலே முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகளைக் கண்டோம். ஊர் வாரியத்தில் உறுப்பினனாய் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்கு உரியரல்லர் என்று 921-ஆம் ஆண்டிலேயே அவ்வூர்ச் சபையார் வகுத்த நியமத்தை நினைக்குந்தோறும், பொதுப் பொருளைப் பேணுவதில் நம் முன்னோர் காட்டிய கண்டிப்பு நெஞ்சை நிமிரச் செய்கிறது. அதற்குச் சரியாக ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1921-ல், வாலாஜாபாத்தைத் தழுவியோடும் பாலாற்றை எதிர்த்து மேற்கே போனால் வரும் வாணியம்பாடிக்குத் தெற்கே, திருப்பத்தூரில் எழுந்தது, பொருளைப் பொதுவில் வைத்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் கிறிஸ்துகுல ஆசிரமம்.

இத்தகைய பொதுவாழ்வுக்கு முன்மாதிரி பழையது. எருசலேமின் ஆதி விசுவாசிகள் நிலத்தையும் வீட்டையும் விற்று, கிரயத்தை அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்து, அவரவர் தேவைக்குத் தக்கபடி பகிர்ந்துகொண்ட வரலாறு அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. சைப்பிரஸ் தீவினனான பர்னபா தன் நிலத்தை விற்று முழுவதையும் கொடுத்தான். அனனியா ஒரு பகுதியை ஒளித்துவைத்து வீழ்ந்தான். இவ்விருவரில் எவனைப் பின்பற்றுவது என்ற வினா எக்காலத்துச் சபைக்கும் உரியது.

நம் நாட்டு மிஷன்களிலோ ஐரோப்பியக் குருவுக்கு ஒரு சம்பளமும் விசாலமான பங்களாவும், அவரோடு அதே வேதத்தைப் பிரசங்கித்த உபதேசியாருக்கு வேறொரு சம்பளமும் சிறு வீடுமாக இருந்தன. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் சீமையில் கல்விக்கும் வைத்தியத்துக்கும் ஸ்காட்லாந்து மிஷனார் ஆற்றிய தொண்டினை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும், ஒரே கர்த்தரின் பந்தியில் கூடியவர்கள் வீட்டுப் பந்தியில் பிரிந்திருந்தது உண்மையே. 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அசரியா, தியாகிகள் வந்தார்கள், பொருளும் தந்தார்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்னும் கருத்துப்படப் பேசியபோது, சபையிலிருந்த பலருக்கு அது கசந்தது.

அந்த வேண்டுகோளுக்குச் சொற்களால் அன்றி வாழ்க்கையால் விடை கூறியவர்கள், பிரிட்டனில் வைத்தியம் பயின்ற காலத்தில் நட்புப் பூண்ட இருவர்: சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்தியர். பேட்டனோ அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய பெருஞ்செல்வக் குடும்பத்துப் பிள்ளை. அவர் நினைத்திருந்தால் தர்மகர்த்தாவாக வந்து, கொடுத்து, வணங்கப்பட்டுத் திரும்பியிருக்கலாம். அவர் தம் பொருளை ஆசிரமத்திற்கு அளித்ததோடு அமையாது, தம்மையும் அதன் அங்கத்தினருள் ஒருவராக வைத்துக்கொண்டார். பிரம்மசரியம், கதராடை, எளிய மரக்கறி உணவு, ஊதியமில்லாத் தொண்டு என்பவை இருவர்க்கும் பொதுவாயின. வயதில் மூத்த ஏசுதாசன் பெரியண்ணன், இளையவர் பேட்டன் சின்னண்ணன் என்றே அழைக்கப்பட்டனர். வெள்ளையர் ஆண்ட நாட்டில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக அமைந்த இம்முறை, நூறு பிரசங்கங்கள் செய்ய இயலாததைச் செய்தது என்பது என் துணிபு. பணம் எவருடையதோ அவரே தலைவர் என்னும் உலக வழக்கு அங்கே தலைகீழாயிற்று. அவர்கள் எழுப்பிய ஜெபாலயமும் கோபுரத்தோடு கூடிய திராவிடக் கோயிற் சிற்ப முறையிலேயே அமைந்தது.

தென்னிந்தியக் கிறிஸ்தவச் சபைகளின் ஐக்கியத்துக்கான பேச்சோ 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோதுதான் நிறைவேறியது. குருப்பட்டம், ஆயர் பதவி என்று இருபத்தெட்டு ஆண்டுகள் வாதித்தார்கள். அந்த வாதங்கள் வீண் அல்ல. எனினும், அவை முடியுமுன்பே திருப்பத்தூரில் ஒரே அடுப்பில் பொங்கிய சோற்றை இரு தேசத்தார் உண்டு எழுந்திருந்தனர்.

1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த வீதியிலே, கதர் உடுத்து நின்ற சின்னண்ணனைப் போலீசார் அடித்தனர். செய்தி லண்டன் பாராளுமன்றத்தில் வினாவாக எழுந்தது. அல்லோவாவின் ஆலை நூலில் வளர்ந்த அந்த உடல்மீது அன்று இருந்தது, நம் நாட்டு இராட்டை நூற்ற நூல்.