அறிவின் வாயிலில் இரு பூட்டுகள்

பொருள் பகுக்கக் குறையும். அறிவு பகுக்கப் பெருகும். இதனை அறியாதார் இலர். ஆயினும் அறிவின் வாயிலில் இரண்டு பூட்டுகள் தொங்கியே வந்துள்ளன. ஒன்று விலை, மற்றொன்று மொழி. இவற்றைத் திறக்க முயன்றோர் வரலாற்றை, மும்பைவாழ் தமிழராகிய நாம் நம் ஊரிலிருந்தே தொடங்கிக் காணலாம்.

மாட்டுங்காவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பரேலில், சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியையும் கே.இ.எம். மருத்துவமனையையும் சார்ந்த மருத்துவர்கள், 1955-இல் ‘ஜர்னல் ஆஃப் போஸ்ட்கிராஜுவேட் மெடிசின்’ என்னும் ஆய்விதழைத் தொடங்கினர். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படித்தல் வேண்டும் என்று 2002-இல் புடாபெஸ்ட் அறிக்கை முழங்கியது. ஏறத்தாழ அக்காலத்திலேயே இவ்விதழ் தன் பக்கங்களை இணையத்தில் அனைவர்க்கும் திறந்து வைத்து, இந்திய மருத்துவ இதழ்களுக்கு முன்னோடியாயிற்று. இக்கொள்கைக்காக நாடெங்கும் அயராது வாதாடியவர் சென்னை அறிஞர் சுப்பையா அருணாசலம் என்பது தமிழர்க்குப் பெருமை தருவது.

அரசியல் துறையிலும் இவ்வூருக்கு ஒரு பங்குண்டு. அண்ணல் அம்பேத்கரின் எழுத்தையும் பேச்சையும் மகாராட்டிர அரசு 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அத்தொகுதிகள் பின்னர் இணையத்தில் விலையின்றிக் கிடைத்தன, தமிழாக்கமும் பெற்றன. பூட்டு இரண்டும் ஒருங்கே திறந்த அரிய நிகழ்ச்சி இஃது எனலாம்.

நடுவணரசு 2024-இல் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு வழங்க வகைசெய்தது. இது நன்றே. எனினும் கல்லூரிக்கு வெளியே நிற்பவனுக்கு வாயில் திறந்ததாகாது.

இனி மொழிப்பூட்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய ‘கலைக்களஞ்சியம்’ 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழரின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னுருவில் விலையின்றி அளித்தது. கிறீனின் உழைப்பு, நுண்ணிய அறிவியலையும் தமிழ் தாங்கும் என்பதற்குச் சான்றன்றோ!

அவ்வாறிருக்க, இன்றைய நிலை யாது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலால் தாராவியை வளர்த்தவர் நம்மவர். 2020-இல் கொரோனா பரவியபோது அத்தாராவி உலகின் கண்களை ஈர்த்தது. அதனைப் பற்றி ஆய்வுகள் பல எழுந்தன. செம்பூரை அடுத்த தேவனாரிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் ஒருங்கிணைக்கும் தேசியக் குடும்ப நல ஆய்வின் அறிக்கைகளும் விலையின்றிக் கிடைப்பனவே. ஆயின் இவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தன் தெருவின் காற்றையும் நீரையும் தன் குழந்தையின் எடையையும் அளந்து எழுதிய கட்டுரையைத் தாராவித் தாய் படிக்க இயலவில்லை. அளக்கப்பட்டவள் அவள், அறிந்தவர் பிறர். விலைப்பூட்டைத் திறந்தும் மொழிப்பூட்டைத் திறவாவிடின், வீடு பூட்டியதே ஆகும்.

இக்குறை தீர்ப்பது தமிழ்ச் சங்கங்களின் கடமை. நம்மிடையே மருத்துவர் உளர், பேராசிரியர் உளர், தமிழ் வல்லார் உளர். திங்களுக்கு ஓர் ஆய்வினைத் தேர்ந்து, அதன் சாரத்தை எளிய தமிழில் நான்கு பக்கத்தில் அச்சிட்டுத் தாராவியின் வீடுதோறும் சேர்ப்பது நம்மால் இயலாததன்று. விழா எடுத்து மொழியைப் போற்றுகிறோம். அம்மொழியால் ஓர் உயிர் காக்கப்படுமாயின், அதனினும் சிறந்த விழா வேறில்லை.